சப்பரத்துக்கு விட்ட வழி

எழுதத் தெரிந்தவர்கள் நடுவில் நான் பேனாவோடு வந்து உட்காருவது, கல்யாண வீட்டில் தெரியாமல் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. யாராவது எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிடுவேன். தூத்துக்குடிப் பக்கம் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி புனே வந்த பிறகு நான் தமிழில் எழுதியது அம்மாவுக்குக் கடிதமும் மளிகைச் சாமான் பெயர்களும்தான். நான் சொல்லப் போகிறவரை என்னைவிட நன்றாகத் தெரிந்த படித்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று இத்தனை வருஷம் பார்த்தேன். எழுதவில்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எங்காவது பிசகாகச் சொல்லிவிட்டாலும் அவர் படித்து வருந்தப் போவதில்லை.

பெயர் வேண்டாம். விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் எஞ்சினியர் அக்கா. நாங்கள் கீழ் வீடு, அவர் மேல் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோர்படி ரயில்வே காலனியில். அவர் பேசும் தமிழில் இந்தியும் மராத்தியும் சம பங்கு. ரோடு போடும் ஆபீசில் வேலை. ரோடு போடுவது அல்ல, போட்ட ரோட்டில் எங்கெங்கே ஆட்கள் அடிபடுகிறார்கள் என்று பார்த்து, எதை மாற்றினால் அது குறையும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அவரைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவருடைய ஆபீசிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்று சிரிப்பார்.

எங்கே போனாலும் நின்று ஒரு கேள்வி கேட்பார். "இங்க ஒருத்தன் தப்பு பண்ணா என்ன ஆகும்?"

முதல் தடவை அதை நான் கேட்டது என் அடுக்களையில்தான். என் மகனுக்கு அப்போது நாலு வயது இருக்கும். அடுப்பு மேடையில் சாம்பார் சட்டி. அதில் கிடந்த கரண்டியை எட்டிப் பிடித்து இழுத்துவிட்டான். நல்லவேளை, ஆறின சாம்பார். தலையிலிருந்து கால் வரை பருப்பும் முருங்கைக்காயுமாக நிற்கிறான். நான் கையை ஓங்கிவிட்டேன். கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்றபடியே, "அவன எதுக்கு அடிக்கிற?" என்றார்.

"பாருங்கக்கா, எத்தனை தடவை சொல்லியாச்சு, அடுப்புப் பக்கம் வராதன்னு."

"அவன் வருவான். நாலு வயசு, வரத்தான் செய்வான். கரண்டிக் காம்பு ஏன் வெளிய நீட்டிட்டு இருக்கு? இழுத்தாலும் அவன் மேல கொட்டாத மாதிரி வெக்கணும், பஸ், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவரே உள்ளே வந்து, அடுப்பில் இருந்த எல்லாப் பாத்திரத்தின் காம்பையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டில் வந்து என்னைக் குற்றவாளி ஆக்குகிறாரே என்று. சாயங்காலம் இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் மாடிப்படியில் அவரைப் பார்த்ததும், "ஏம்மா, நாளைக்கு நான் தடுக்கி விழுந்தாலும் தரையைத்தான் திட்டுவீங்க போலருக்கு?" என்றார்.

"ஹோ ஜி. தரையைத்தான்" என்றார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

இந்தக் குணத்தால் அவருக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. எங்கள் மாதா கோயில் ஜனங்களில் வெல்டிங் வேலை பார்த்த ஒருவர், பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரோடு போய் ரோட்டின் நடுச்சுவரில் மோதி இறந்துபோனார். சவ வீட்டில் பெண்கள் ஒரு பக்கம் அழ, ஆண்கள் வெளியே நின்று, "குடிச்சிருந்தாம்லா. வேற எப்படி இருக்கும்?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"குடிச்சவன் வீட்டுக்குப் போகக் கூடாதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் அருளப்பன் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "என்னம்மா இது, குடிகாரனுக்கு வக்காலத்தா?"

"வக்காலத்து இல்ல அண்ணா. அவர் பொண்டாட்டிக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாப் போதும். ஏன் குடிச்சீங்கன்னு அவங்க அப்புறமா சண்டை போட்டிருப்பாங்க. அந்தச் சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு இருட்டுல யாருக்கும் தெரியல. குடிக்காதவனுக்கும் தெரியாது."

சவ வீட்டில் பேசுகிற பேச்சா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் இறந்தவரின் மனைவி, அழுதுகொண்டிருந்தவர், எழுந்து வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்தச் சுவரின் முனையைச் சரிவாக்கி, வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் பட்டை ஒட்டினார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவரோடு காய்கறி வாங்கப் போவது ஒரு சோதனை. பாதி வழியில் நின்றுவிடுவார். ரோட்டில் உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கும், டயர் இழுத்த கறுப்புக் கோடு இருக்கும். கையில் கொத்தமல்லிக் கட்டோடு அந்தக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிக்கொண்டு போவார். நான் வெயிலில் நிற்பேன். ஒரு முச்சந்தியில் பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைக்க ஏற்பாடு செய்தார். நடக்க வேண்டியிருக்கிறதே என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒரு வருஷம் போயிருக்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம் என்னை அங்கே கூட்டிப்போனார். சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் கடித்துக்கொண்டு நின்றோம்.

"பாரு" என்றார்.

"என்னக்கா பாக்கணும்?"

"ஒண்ணும் நடக்கல. அதான் பாரு."

நான் பார்த்தேன். பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், போனார்கள். அக்கா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? சோளம் விற்றவன்கூட, இவர்கள் எதற்கு இங்கே நிற்கிறார்கள் என்பதுபோல்தான் பார்த்தான்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் எங்கள் கோயில் தெருவுக்கு எதிரே ஆளந்தி ரோட்டில் போட்ட மேடை. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் ரோடு சரிவாக இறங்கி வரும். வண்டிகள் வேகமாக வரும். பஸ்ஸில் இறங்குகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பூசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் குறுக்கே கடக்க வேண்டும். அக்கா அங்கே ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட வைத்தார். வேகம் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மழை தொடங்கும் சமயத்தில் ஆளந்தியிலிருந்து பால்கி புறப்படும். ஞானியின் பாதுகைகளை வெள்ளி ரதத்தில் வைத்து, மாடு பூட்டி, லட்சக்கணக்கான ஜனங்கள் பாடிக்கொண்டே பண்டரிபுரம் வரைக்கும் நடப்பார்கள். எங்கள் ரோடு வழியாகத்தான் போவார்கள். ரதம் குலுங்கக் கூடாது என்று அதற்கு முன்னாலேயே வழியிலுள்ள பிரேக்கர்களைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பால்கி ஒரு நாளில் போய்விடும். மழை போகாது. ஈரத்தில் தார் பிடிக்காது. தீபாவளி வரைக்கும் ரோடு வெறுமனே கிடக்கும். வருஷத்தில் வழுக்கல் அதிகமான மாதங்களில்தான் பிரேக்கர் இருக்காது. ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூட ஆயா ஒருவர் அங்கே அடிபட்டு இறந்தார்.

வேறு யாராக இருந்தாலும் பால்கிக்காரர்களோடு சண்டைக்குப் போயிருப்பார்கள். அக்கா போகவில்லை. "அவங்க ஏன் எடுக்கச் சொல்றாங்க? ரதம் குலுங்குது. அப்ப தப்பு அவங்க மேல இல்ல, என் பிரேக்கர் மேல" என்றார். திடீரென்று தூக்கிப் போடாமல், நீளமாகச் சரிந்து ஏறி, மேலே தட்டையாகக் கொஞ்ச தூரம் போய், மறுபடி நீளமாகச் சரிந்து இறங்குகிற மாதிரி ஒன்று போட்டார். நடக்கிறவர்கள் அதன் தட்டையான மேல்பகுதியிலேயே ரோட்டைக் கடக்கலாம். நாங்கள் மேடை என்று சொல்ல ஆரம்பித்தோம்.

பால்கிக்காரர்களுக்கு யார் சொல்வது? லோஹேகாவில் மாடு வளர்க்கிற ஒரு பெரியவர் இருந்தார். வருஷம் தவறாமல் பண்டரிபுரம் நடக்கிறவர். அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. காகா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அக்கா அவர் வீட்டுக்கு எத்தனை தடவை போனாரோ தெரியாது. ஒரு நாள் காலையில் காகா தன் மாட்டு வண்டியோடு எங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் சந்தனம், மெலிந்த உடம்பு.

"ராணி, உன் பித்தளைக் குடம் குடு" என்றார் அக்கா. அம்மா சீராகக் கொடுத்த குடம். அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்து வண்டியில் வைத்தார். "நீயும் ஏறு. பிடிக்காத. சும்மா பாத்துக்கோ."

"ஐயோ அக்கா, ரோட்டுல எல்லாரும் பாக்காங்க!"

"பாக்கட்டும்."

நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மாட்டு வண்டியில் உட்கார்ந்தேன். பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். மாடுகள் தம்பாட்டுக்கு நடந்து மேடையில் ஏறின, இறங்கின. குடத்துத் தண்ணீர் நடுங்கியது. கொட்டவில்லை. காகா இறங்கி வந்து குடத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். மராத்தியில், "மாட்டுக்கே தெரியலையே, தாயீ" என்றார். அந்தப் பாஷையில் அக்காவைத் தாயீ என்பார்கள். அப்புறம் என்ன நினைத்தாரோ, வண்டியைத் திருப்பி இன்னொரு தடவை விரட்டினார். மேடையில் ஏறும்போது பாதிக் குடம் என் மடியில். ரோடே சிரித்தது. காகாவும் பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டு, "அவசரப்பட்டாத்தான் கொட்டுது" என்றார்.

அந்த வருஷம் பால்கி மேடையின் மேல் போனது. கூட்டத்தில் நடந்துபோன காகா, ஓரத்தில் நின்ற அக்காவைப் பக்கத்தில் வருகிறவர்களிடம் கை காட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கட்டடத்துக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வந்தால் என் வீட்டில் இட்லி சாப்பிடுவார். ரோட்டைக் கடக்க எவ்வளவு சுற்ற வேண்டியிருந்தாலும் மேடைக்கு வந்துதான் கடப்பார். "தாயீ சொல்லியிருக்கிறாள்" என்பார். "நீ என் பால்கியைப் பார்த்தாய். உங்கள் மாதா ஊர்வலத்தை நான் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். மேடை போட்ட புதிதில் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர்கள் அதன் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ரோடு பூராவும் அகலமாகக் கிடக்க, பைக்குகளும் ஸ்கூட்டர்களும் அந்தக் கீற்றைத் தேடி ஓரத்துக்கு ஒடித்துக்கொண்டு வந்தன, எறும்பு மாதிரி. வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"பாத்தியா? பாதி பிரேக்கருக்கு பிரேக்கரே இல்லாம இருக்கறது மேல். பிரேக்கரே இல்லேன்னா எல்லாரும் நடுவுல போவாங்க. இது ஆள் நிக்கிற இடத்துக்கே கூட்டிட்டு வருது."

அன்றைக்கே ஆள் பிடித்து அதை அடைத்தார்.

எங்கள் கோயிலுக்கு இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரோட்டில் பைக் பெருத்துவிட்ட காலம். செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு ஊரிலிருந்து புதுச் சப்பரம் செய்து லாரியில் கொண்டுவந்தார்கள். தேக்கு மரம், நல்ல உயரம், உச்சியில் மாதா சிலை, எங்கள் பேச்சில் சுரூபம். அடியில் மட்டும் சின்ன இரும்புச் சக்கரங்கள். ஊரில் கோயிலைச் சுற்றி சிமென்ட் தரையில் இழுப்பதற்கென்று செய்கிற அளவு அது. இங்கே கோயில் தெருவிலிருந்து ஆளந்தி ரோட்டில் ஏறி, மேடையைத் தாண்டி, அடுத்த தெரு வழியாகத் திரும்ப வேண்டும். அந்தச் சக்கரம் மேடையில் ஏறினால் சப்பரம் சாயும்.

ஞாயிறு பூசை முடிந்து கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அருளப்பன் அண்ணன்தான் ஆரம்பித்தார். "அந்த மேட்டை ஒரு வாரத்துக்கு எடுத்துரும்மா. திருவிழா முடிஞ்சதும் போட்டுக்கிடலாம்."

"எடுத்தா தீபாவளி வரைக்கும் போட முடியாது அண்ணா. மழை. தோள்ல தூக்கிட்டுப் போலாமே?"

"அதைத் தூக்க யானைதான் வரணும்."

"சக்கரம் பெருசா மாத்தலாம்."

"இனிமே எங்க மாத்த? கொடியேத்தியாச்சுல்லா." அண்ணனுக்குக் குரல் ஏறியது. "பால்கிக்காரங்களுக்காக மாட்டு வண்டியில குடம் வச்சுத் திரிஞ்சீங்க. நம்ம மாதாவுக்கு ஒரு நாள் கேட்டா மட்டும் ரூல் பேசுதீங்க. மராத்திக்காரியாவே ஆயிட்டீங்க போல."

கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். அக்காவின் தமிழைக் கேட்டு இப்படிச் சிரிப்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். அரைத் தமிழ் என்பார்கள். அவர் எப்போதும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அவங்க எடுக்கச் சொல்லல அண்ணா. இருக்கட்டும்னு சொன்னாங்க."

அருளப்பன் அண்ணன் வேறு குரலில், "சாய்ஞ்சு சுரூபம் விழுந்துட்டா என்னம்மா செய்ய? வடம் பிடிக்கிறது பூரா நம்ம பொம்பளைகளும் பிள்ளைகளும்தான். ஒருத்தன் ஒரு பக்கமா இழுத்தாப் போதும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் தப்பாக இழுத்தால் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்விதான். அதை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை.

அப்போது பார்த்து வயதான பெண் ஒருவர், "உங்க அம்மா கோர்படியில இருந்து வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏந்தி நடந்தே வருவாள்லா. நீ ஒரு வருஷமாவது வடம் பிடிச்சிருக்கியா? ஓரமா நின்னு வண்டியத்தான் நிறுத்திக்கிட்டு இருப்ப. இந்தத் தடவை முதல் வடம் நீதான் பிடிக்கணும்" என்றார். மற்றப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். அக்கா முகம் சிவந்துபோனது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

கடைசியில் மேடை முழுவதையும் எடுக்க வேண்டாம், சப்பரம் போகிற அகலத்துக்கு ஓரத்தில் மட்டும் சமமாக வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம். அது தாண்டியதும் வெட்டின இடத்தில் தார் டிரம்களை வரிசையாக வைத்து அடைத்துவிட வேண்டும். மழை விட்டிருந்தால் திங்கட்கிழமையே தார் போட்டு மூட அக்கா ஒரு இடத்தில் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் யோசித்துத்தான் செய்தார். மாடிப்படியில் என்னிடம், "ரெண்டு நாள்தான ராணி?" என்று கேட்டார். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அது ஒன்றுதான். "ரெண்டு நாள்தான அக்கா" என்றேன்.

அக்கா இப்போது இங்கே இல்லை. அந்தத் திருவிழாவுக்கு அடுத்த வருஷமே ஆபீசில் கேட்டு வேறு பிரிவுக்குப் போனார். கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கிற பிரிவு என்று சொன்னார்கள். பிறகு வேலையையே விட்டுவிட்டு, தம்பி வீட்டோடு பெல்காம் போய்விட்டார். போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஓரத்தில் வைத்திருந்த கண்ணாடி டம்ளரை என் மகன் முழங்கையால் தட்டிவிட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். டம்ளர் ஏன் ஓரத்தில் இருந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். "பாத்துப் போ, பேட்டா" என்று மட்டும் சொன்னார். ஊரில் எல்லாரும் சொல்கிற அதே பேச்சு. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

அன்றைக்கு நான் துணிந்து, "தப்பு எல்லாரும் பண்ணுவாங்கன்னு நீங்கதானக்கா சொல்லுவீங்க" என்றேன்.

"ரோடுல போறவங்க பண்ணலாம் ராணி. போடறவங்க பண்ணக் கூடாது."

படித்தவர்களாக இருந்தால் அதற்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஊர்வலம் நன்றாகத்தான் நடந்தது. தூறல்கூட இல்லை. அக்கா மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, முதல் வடம் பிடித்தார். பாட்டு வார்த்தைகள் அவருக்குப் பாதிதான் தெரியும். தெரிந்த இடத்தில் சத்தமாகவும் தெரியாத இடத்தில் வாயை மட்டும் அசைத்தும் பாடினார். வெட்டின இடத்தில் சப்பரம் ஓர் அசைவில்லாமல் போனது. அருளப்பன் அண்ணன் கூட்டத்தின் நடுவிலிருந்து, "மகராசியா இரும்மா!" என்று கத்தினார். ஊர்வலம் தாண்டியதும் அக்காவே நின்று டிரம்களை வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வந்தார்.

ஞாயிறு காலை திருவிழாப் பூசை. அதற்குப் பிறகு எல்லாருக்கும் சாப்பாடு. சமையல் பாத்திரம் ஏற்றி வந்த டெம்போவுக்குக் கோயில் தெருவில் இடம் இல்லை. ரோட்டோரத்தில் நிறுத்தி இறக்க வேண்டும். டிரம் இடைஞ்சலாக இருந்தது. நம் ஆட்களே நாலு பேர் சேர்ந்து இரண்டு டிரம்மை உருட்டி ஓரமாக வைத்தார்கள். பாத்திரத்தை இறக்கினார்கள். டெம்போ போய்விட்டது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். டிரம்மைத் திரும்ப வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திருவிழா வேலையில் அது எப்படித் தோன்றும்?

காகா வந்துகொண்டிருந்தார். மாதாவுக்கென்று ஒரு சாமந்தி மாலையும் தேங்காயும் பையில் வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் பஸ்ஸில் இறங்கி, கொஞ்ச தூரம் திரும்பி நடந்து, மேடைக்கு வந்து, அதன் மேலேயே கடந்து வந்திருக்கிறார். கடைசிக் கீற்றில், நாங்கள் வெட்டின இடத்தில், அவர் காலை எடுத்து வைக்கும்போது பைக் வந்தது.

சத்தம் கேட்டபோது அக்கா காணிக்கைத் தட்டோடு பீடத்தின் முன்னால் நின்றார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். காகா கீழே கிடந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. சாமந்தி ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. பைக் ஓட்டிவந்தவன் கால் சென்டரில் வேலை பார்க்கிற வாலிபன். முழங்கை உரிந்து ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். நம் ஆட்கள் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். "கண்ணு தெரியலையால உனக்கு?" என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அக்கா நடுவில் புகுந்து அவனை மறைத்துக்கொண்டு நின்றார். பட்டுப் புடவை தோளிலிருந்து நழுவியது அவருக்குத் தெரியவில்லை.

"அவன அடிக்காதீங்க. அவன் தப்பு இல்ல. நான் விட்ட வழியிலதான் வந்தான்."

அருளப்பன் அண்ணன் டிரம்மைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வாலிபனைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

காகா பிழைத்தார். ஆனால் இடுப்பு சேரவில்லை. அடுத்த வருஷம் பால்கிக்குப் பின்னால் டெம்போவில் உட்கார்ந்து போனார். நடப்பவர்களைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டே போனார். அதைப் பார்க்க அக்கா வரவில்லை.

அடிபட்ட அன்றைக்குக் காகாவை ஆட்டோவில் ஏற்றும்போது அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். காகாவுக்கு நினைவு இருந்தது. வலியில் முகம் கோணியிருந்தது. பள்ளிப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி, மெதுவாக, "தாயீ, நான் மேடையிலதான் நடந்தேன்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் ரோடு ரோலர் வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் திரும்பிப் போய்விட்டது.